கூரைக்கு உள்ளிருந்து ஓர் ஓவியம்

(சித்தூரில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற கலை இலக்கியப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பின்னால் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் இந்த வண்ண அச்சுப்படத்தைக் காலையிலிருந்து பலரும் நின்று பார்த்துவிட்டுச் சென்றீர்கள். நகரியிலிருந்து வந்திருக்கும் விசைத்தறித் தொழிலாளத் தோழர் ஒருவர் நெடுநேரம் அதன் முன் நின்றார். பிறகு என்னிடம் வந்து, "ஏன் தோழர், இதுல ஒரு ஆளும் காணோமே. வீடும் மரமும்தான் இருக்குது. இதை வச்சு நாம என்ன பேசறது?" என்று கேட்டார்.

நான் தயாரித்து வந்த உரையை மூடி வைத்துவிட்டேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இன்றைய உரை. இது அவர் ஒருவருடைய கேள்வி மட்டுமன்று. நம்மில் பலருக்கும் இருப்பது, கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவது. ஓர் ஓவியத்தைப் பார்த்தால் உயர்த்திய கரம் இருக்கிறதா, கொடி இருக்கிறதா, அரிவாள் பிடித்த விவசாயி இருக்கிறாரா என்று நம் கண் தேடுகிறது. தேடுவதில் குற்றமில்லை. அவை தென்படவில்லை என்றவுடன் 'இது நம்முடையதல்ல' என்று நகர்ந்துவிடுகிறோமே, அங்கேதான் நாம் இழக்கிறோம்.

முதலில் படத்தைப் பார்ப்போம். பிரான்சு நாட்டில், பாரிஸ் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஓய்ஸ் ஆற்றங்கரையில் ஓவேர் என்ற ஊர் இருக்கிறது. அதன் ஒரு பகுதிக்குக் கோர்டெவில் என்று பெயர். அங்கிருந்த கூரை வீடுகளை வின்சென்ட் வான்கோ 1890ஆம் ஆண்டில் வரைந்தார். மூல ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ மூன்றடி அகலம் இருக்கும், பெரிய ஓவியமன்று. முன்புறத்தில் பச்சை வெளி. நடுவே புல் வேய்ந்த வீடுகள், புகைபோக்கிகள். பின்னால் மேடு, மரங்கள். மேலே நீல வானத்தில் சுழலும் வெண்மேகம்.

ஒரு நேர்கோடு எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கூரையின் முகடு நீரலை போல வளைகிறது. மரங்கள் சுடர்போல முறுக்கிக்கொண்டு எழுகின்றன. சுவர்கூட மண்ணிலிருந்து புடைத்து எழுந்தது போலத்தான் நிற்கிறது. வீடு, மரம், மேடு, வானம் எல்லாமே ஒரே தூரிகை வீச்சில் அசைகின்றன. வீடு நிலத்தின் மேல் வைக்கப்பட்ட பொருளாக இல்லை. நிலத்திலிருந்து விளைந்ததாக இருக்கிறது.

கலை வரலாற்றில் இதனைப் பின்னை மனப்பதிவுவாதம், அதாவது போஸ்ட் இம்ப்ரெஷனிசம் என்பார்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். 1910ஆம் ஆண்டு லண்டனில் ஓர் ஓவியக் கண்காட்சி நடத்திய ரோஜர் ஃப்ரை என்ற விமர்சகர் அதற்காக வைத்த பெயர் அது. அப்போது வான்கோ இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு முந்தைய மனப்பதிவுவாத ஓவியர்கள், ஒளி ஒரு கணத்தில் கண்ணில் எப்படி விழுகிறது என்பதை வரைந்தார்கள். வான்கோ, செசான், கோகான் ஆகியோர் அது போதாது என்றார்கள். கண்ணில் விழுவதோடு, அந்தப் பொருளைப் பற்றி மனிதன் அறிந்ததும் உணர்ந்ததும் நிறத்திலும் கோட்டிலும் வரவேண்டும் என்பது அவர்களின் வழி. இப்பயிலரங்குக்கு இவ்வளவு போதும்.

வான்கோ இந்த வீடுகளைப் பற்றி என்ன அறிந்திருந்தார் என்பதுதான் நமக்கு முக்கியம்.

அவர் 1853இல் ஹாலந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். இருபத்தைந்து வயதில் பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கு மதப் பிரசங்கியாகப் போனார். போனவர் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. 700 மீட்டர் ஆழமுள்ள சுரங்கத்திற்குள் இறங்கிப் பார்த்தார். காயம்பட்ட தொழிலாளர்களுக்குப் பணிவிடை செய்தார். தன் உடைகளைக் கொடுத்துவிட்டு, குடிசையில் வைக்கோலில் படுத்தார். அவரை அனுப்பிய மதக் குழுவினருக்கு இது பிடிக்கவில்லை. பிரசங்கியின் கௌரவத்துக்கு இது இழுக்கு என்று கருதி 1879இல் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். வேலை போன பிறகும் அங்கேயே தங்கி, சுரங்கத்துக்குப் போவோரையும் வருவோரையும் வரையத் தொடங்கினார். அவர் ஓவியராவது என்று முடிவெடுத்தது அந்தச் சுரங்கத் தொழிலாளர் மத்தியில்தான்.

அடுத்து நூனென். ஹாலந்தின் தெற்கே ஒரு கிராமம். 1883 கடைசியிலிருந்து 1885 கடைசி வரை இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். நகரித் தோழர், புத்தூர்த் தோழர் இருவரும் இதைக் கவனிக்க வேண்டும். நூனென் ஒரு நெசவாளர் ஊர். 1884இல் அவர் தறியையும் தறியில் அமர்ந்த நெசவாளரையும் மீண்டும் மீண்டும் வரைந்தார். எண்ணெய் வண்ண ஓவியங்கள் மட்டும் பத்துக்குக் குறையாது, கோட்டோவியங்கள் வேறு. அந்தப் படங்களில் தறி அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். கறுத்துப்போன மரச்சட்டங்களுக்கு நடுவில் மனிதன் கூண்டில் அகப்பட்டவன் போலத் தெரிவான். சிறிய சன்னல் வழியாக வெளியே வயலும் தேவாலயக் கோபுரமும் தெரியும் ஒரு படம் உண்டு. வீட்டுக்குள் தறி இருக்கிறது என்பதைவிட, தறிக்குப் போக மிஞ்சிய இடத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று சொல்வதே பொருத்தம். குழித்தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். பாவு நீட்ட இடமில்லாமல் தெருவை நாடியதும், தறிக்குக் கீழே குழந்தையைக் கிடத்தியதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1885இல் அதே ஊரில் 'உருளைக்கிழங்கு உண்போர்' என்ற ஓவியத்தை முடித்தார். ஒரு விவசாயக் குடும்பம், ஐந்து பேர், ஒரு விளக்கு, ஒரு தட்டு உருளைக்கிழங்கு. அதற்காக அந்த ஊர் விவசாயிகளின் முகங்களையும் கைகளையும் குளிர்காலம் முழுவதும் வரைந்து பழகினார். தட்டில் நீளும் இந்தக் கைகள்தான் மண்ணையும் தோண்டின, ஆகவே இவர்கள் தங்கள் உணவை நேர்மையாகச் சம்பாதித்தவர்கள் என்பதையே தான் காட்ட விரும்பியதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். உள்ளூர்க் கத்தோலிக்கக் குருவுக்கு இது பொறுக்கவில்லை. ஓவியருக்கு மாதிரியாக அமரக் கூடாது என்று மக்களைத் தடுத்தார். அமர மறுப்பவர்களுக்குப் பணம் தருவதாகவும் சொன்னார் என்று வான்கோவின் கடிதத்தில் இருக்கிறது. ஏழையின் முகம் ஓவியத்தில் வருவதுகூட ஒரு காலத்தில் யாருக்கோ ஆபத்தாகப் பட்டிருக்கிறது!

அதே 1885இல், ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்த ஒரு புல்வீட்டையும் வரைந்தார். இடிந்துகொண்டிருக்கும் வீடு அது. இத்தகைய குடிசைகளை அவர் பறவைக் கூடுகளோடு ஒப்பிட்டார். பறவைக் கூடுகளைச் சேகரித்து அவற்றையும் வரைந்தவர் அவர்.

இந்த வரிசையைப் பாருங்கள். முதலில் சுரங்கத்துக்குள். பிறகு தறி அறைக்குள். பிறகு சாப்பாட்டு மேசைக்கு அருகில். அதற்குப் பிறகுதான் வெளியே வந்து நின்று கூரையை வரைகிறார். ஓவேரில் அவர் தங்கியது எழுபது நாட்கள் மட்டுமே. ஒரு விடுதியில் நாளொன்றுக்கு மூன்றரை பிராங்க் வாடகை கொடுத்துத் தங்கினார். கோர்டெவில்லில் இருந்த வீடுகளுக்குள் அவர் போய் உட்கார்ந்திருக்க நேரம் இருந்திராது. ஆனால் ஓவேருக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, தென் பிரான்சின் ஒரு மனநலக் காப்பகத்தில் நோயாளியாக இருந்தபோது, தன் பழைய ஊரின் பாசி படர்ந்த கூரை வீடுகளை நினைவிலிருந்து வரைந்துகொண்டிருந்தார். அந்த ஓவியங்கள் 'வடபுல நினைவுகள்' என்று குறிக்கப்படுகின்றன. 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்தை மறுபடியும் வரைய வேண்டும் என்றும் அப்போது திட்டமிட்டிருந்தார். அந்த நினைவோடுதான் 1890 மே 20 அன்று ஓவேரில் இறங்கினார். இறங்கியவுடன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், இங்கே பழைய புல்வேய்ந்த கூரைகள் நிறைய இருக்கின்றன, அவை இப்போது அரிதாகிவருகின்றன என்று குறிப்பிடுகிறார்.

அந்த 'அரிதாகிவருகின்றன' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. பாரிஸிலிருந்து இரயிலில் எளிதாக வந்துபோகக்கூடிய ஊராகிவிட்டிருந்தது ஓவேர். நகரத்து நடுத்தர வர்க்கத்தினர் அங்கே ஓய்வு இல்லங்கள் கட்டத் தொடங்கியிருந்தனர். ஆக, 1890இல் அவர் வரைந்தது என்றென்றைக்கும் இருக்கும் கிராமத்தை அல்ல; மூலதனம் ஒரு பக்கம் இழுக்க, கரைந்துகொண்டிருந்த ஒரு வாழ்க்கையை. கூரை ஏன் அலைபாய்கிறது என்பதற்கு அவருடைய மனநோயைக் காரணம் காட்டும் எழுத்துகள் ஏராளம். எனக்கு அந்த விளக்கத்தில் உடன்பாடில்லை. உடல்நலம் குன்றியிருந்தார் என்பது உண்மை. அந்த 1890 ஜூலை 29 அன்று துப்பாக்கிக் காயத்தால் இறந்தார் என்பதும் உண்மை. ஆனால் எழுபது நாட்களில் ஏறத்தாழ எழுபது ஓவியங்களை முடித்த ஒரு மனிதரின் கையை நோயின் கை என்று சொல்வது, அந்தக் கையின் உழைப்பை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்வதாகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் புதிய நகரத்து வீடுகளும் தனக்கு ஏறத்தாழ அதே அளவு அழகாகத்தான் தெரிகின்றன என்றும் வான்கோ எழுதியிருக்கிறார். அவரை மார்க்சியவாதியாக்க நான் முயலவில்லை. அவர் மார்க்ஸைப் படித்தவரல்லர். ஸோலாவின் 'ஜெர்மினல்' நாவலைப் படித்தவர். சங்கத்தில் சேர்ந்தவரும் அல்லர். டால்ஸ்டாய் ஒரு பிரபு, ஆன்மிகவாதி. அவரை ரஷ்யப் புரட்சியின் கண்ணாடி என்று 1908இல் லெனின் எழுதியபோது, டால்ஸ்டாயின் கருத்துகளை ஏற்று எழுதவில்லை. விவசாயியின் கோபமும் குழப்பமும் அந்த எழுத்தில் எப்படிப் பதிந்திருக்கின்றன என்றுதான் பார்த்தார். எங்கெல்ஸ் 1888 ஏப்ரலில் மார்கரெட் ஹார்க்னஸ் என்ற நாவலாசிரியருக்கு எழுதிய கடிதத்தில், ஆசிரியரின் அரசியல் கருத்து படைப்பில் எவ்வளவுக்கு எவ்வளவு மறைந்திருக்கிறதோ அவ்வளவுக்குக் கலைக்கு நல்லது என்ற பொருளில் சொல்கிறார். அந்த ஏப்ரல் மாதத்தில் வான்கோ தென் பிரான்சின் ஆர்ல் நகரில் பழத்தோட்டங்களை வரைந்துகொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன? 1841இல் ஜான் ரேண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணத்தை அடைத்து வைக்கும் உலோகக் குழாயைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் ஓவியர் பட்டறையில் அமர்ந்து வண்ணத்தை அரைக்க வேண்டும். குழாய் வந்த பிறகு, பையில் போட்டுக்கொண்டு வயல்வெளிக்குப் போகலாம். ஆகவே வயலில் நின்று வரைந்த இந்த ஓவியம் தொழிற்சாலை உற்பத்தியின் பயனும்கூட. வான்கோ பயன்படுத்திய குரோம் மஞ்சள் ஈயத்தாலான இரசாயனம். காலப்போக்கில் அது பழுப்பாக மாறுவதை இப்போது அறிவியலாளர்கள் ஆராய்கிறார்கள்.

அந்தக் குழாய்களை அவருக்கு விற்றவர்களில் ஒருவரை நாம் மறக்கக் கூடாது. ஜூலியன் டாங்கி, பாரிஸில் சிறிய வண்ணக் கடை வைத்திருந்தவர். 1871இல் பாரிஸ் கம்யூன் எழுந்தபோது கம்யூனின் பக்கம் நின்றவர். கம்யூன் நசுக்கப்பட்டதும் கைதாகிச் சிறைவாசம் அனுபவித்தார். வெளியே வந்து கடை நடத்தியபோது, காசில்லாத ஓவியர்களுக்குக் கடனுக்கு வண்ணம் கொடுத்தார். பதிலுக்கு ஓவியங்களை வாங்கிக்கொண்டார். வேறு யாரும் சீண்டாத செசானின் ஓவியங்களை அவருடைய கடையில் பார்க்கலாம் என்ற நிலை இருந்தது. 'டாங்கித் தந்தை' என்று ஓவியர்கள் அவரை அழைத்தார்கள். வான்கோ அவரை மூன்று முறை வரைந்தார். நவீன ஓவியத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு சுவையான துணுக்காக எழுதிவிட்டுப் போவார்கள். நாம் அப்படிக் கடந்து போகலாகாது. தோற்றுப்போன கம்யூனின் வீரர் ஒருவர் அடுத்த இருபதாண்டுகள் ஒரு சிறு கடையின் கடன் கணக்கில் எதைக் காப்பாற்றினார் என்பது நம் வரலாறும்கூட.

வண்ணம் பற்றிப் பேசும்போது நம் பக்கத்து ஊரைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. திருப்பதியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ஸ்ரீகாளஹஸ்தி. அங்கே கலம்காரித் துணி எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, இரும்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த கருநிறச் சாற்றில் மூங்கில் கலத்தைத் தோய்த்துக் கோடு இழுப்பார்கள். படிகாரம் தடவிய இடத்தில் வேர்ச் சாயம் சிவப்பாகப் பிடிக்கும். அவுரி நீலம் தரும். ஒவ்வொரு நிறத்துக்கும் பிறகு ஓடும் நீரில் அலச வேண்டும். சுவர்ணமுகி ஆறு ஓடியதால் அந்தத் தொழில் அங்கே வேர்பிடித்தது. ஆறு வற்றினால் நிறமும் வற்றும். வான்கோ இறந்த ஏழாவது ஆண்டில், 1897இல், ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்திய அவுரிச் சாகுபடி அதன் பின் சரிந்தது. 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றோர் முயன்று காளஹஸ்தியில் அரசுப் பயிற்சிக்கு வழி செய்தார்கள். அதனால் அந்தக் கை பிழைத்தது.

அந்தத் துணிகளிலும் மரம் இருக்கிறது. கிளை விரித்து, பறவை அமர்ந்த மரம். அதை எழுதியவரின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. வான்கோவின் பெயர் உலகத்துக்கே தெரியும். உயிரோடு இருந்தவரை அவருடைய ஓவியம் ஒன்று 400 பிராங்குக்கு விற்றது என்பது பெரிய செய்தி. ஓவேரில் அவர் வரைந்த மருத்துவர் காஷேயின் உருவப்படத்தை 1990இல் ஒரு ஜப்பானியக் காகித ஆலை முதலாளி எட்டேகால் கோடி டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். கூலியைக் கொடுக்காமல் பெயரை விற்பதும், பெயரைக் கொடுக்காமல் துணியை விற்பதும் ஒரே சந்தையின் இரண்டு கடைகள்.

இப்போது மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். கூரை வீடு அழகா?

நாட்காட்டியில் அச்சடிக்கும் கிராமக் காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். குடிசை, தென்னை, மாட்டு வண்டி, மாலைச் சூரியன். அவற்றை மாட்டி வைப்பவர்கள் குடிசையில் இருப்பதில்லை. குடிசையில் இருப்பவர் கேட்பது ஓடு, அல்லது தளம். கரும்புத் தோகையோ பனையோலையோ வேய்ந்த கூரைக்குக் கீழே ஆடி மழையில் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்தவருக்கு அதன் அழகைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க முடியாது. தமிழ்நாட்டுப் பொதுவுடைமையாளருக்கோ கூரை வீடு என்றவுடன் மனத்தில் எழுவது ஒரே ஒரு குடிசைதான். 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் இராமையாவின் குடிசை. கூலி உயர்வு கேட்டதற்காகவும் செங்கொடியின் கீழ் திரண்டதற்காகவும் 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், அந்தச் சிறு கூரைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு நம்மால் எந்தக் கூரையையும் வெறும் கூரையாகப் பார்க்க முடியாது.

அப்படியிருக்க இந்த ஓவியத்தை ஏன் இங்கே கொண்டுவந்தேன்? நாட்காட்டிக் குடிசையில் அமைதி இருக்கிறது. இதில் அமைதி இல்லை. இந்தக் கூரை பாதுகாப்பானது என்று ஓவியர் பொய் சொல்லவில்லை. கனமாக, சரிந்து, காற்றில் நெளிந்து, எந்தக் கணமும் மண்ணோடு மண்ணாகக் கூடியதாக அதை வரைந்திருக்கிறார். ஆனாலும் அதற்குள் இருப்பவர்களைப் பரிதாபத்துக்கு உரியவர்களாகவும் ஆக்கவில்லை. கூடு கட்டிய பறவைக்கு உள்ள கண்ணியத்தை அந்த வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். உள்ளே போய் வந்தவரால்தான் இரண்டையும் ஒரே கூரையில் வைக்க முடியும்.

நமது இயக்கத்தில் இதை அறிந்த ஓவியர் இருந்தார். வங்கத்துச் சித்தப்ரசாத், கட்சியின் கலைஞர். 1943 நவம்பரில், பஞ்சத்தின் நடுவே, மேதினிப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போனார். வரைந்தவர்களின் பெயரையும், அவர்கள் எந்த ஊர், என்ன தொழில், நிலத்தை எப்படி இழந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதினார். 'பசித்த வங்கம்' என்ற அந்த நூலை ஆங்கில அரசு பறிமுதல் செய்து எரித்தது. முப்பது இலட்சம் பேர் மாண்ட பஞ்சம் என்று மதிப்பிடப்படும் அந்தப் பேரழிவில், ஒரு மனிதர் கறுப்பு மையும் தாளும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு நடந்தார். பெயரைக் கேட்டார். நான் அவரிடம் கற்றுக்கொள்ளச் சொல்வது கோட்டை அல்ல, அந்தக் கேட்டலை.

ஏன் இதை இங்கே, திருப்பதி மலைக்குப் பக்கத்தில் நின்று சொல்கிறேன்? வீடும் மரமும் என்றார் நகரித் தோழர். இந்த மண்ணில் வீட்டுக்கும் மரத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். சேஷாசலக் காடுகளில் விளையும் செம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாக இப்படி விளைவதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த இருபது பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து வந்த கூலிகள். தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சாட்சி சொன்னார்கள். மறுநாள் செய்தித்தாள்களில் நாம் பார்த்தது உடல்களையும், பக்கத்தில் கிடந்த மரக்கட்டைகளையும். மனிதரும் மரமும் இருந்த படம் அது. அதில் வீடு இல்லை.

அந்த வீடுகள் ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் இருந்தன. மானாவாரி நிலம், பொய்க்கும் மழை, மலைப் பொருளுக்குக் கிடைக்காத விலை, முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் தரகர். அந்தக் கூரைகளுக்குக் கீழே உட்கார்ந்து கேட்காதவருக்கு அவர்கள் 'கடத்தல்காரர்கள்' மட்டுமே. வெட்டிய கட்டை கடல் கடந்து போகும்போது இலாபம் யாருக்குப் போனது என்ற கேள்வியையும் அந்தப் படம் கேட்கவில்லை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தெலுங்கும் தமிழும் கலந்து வாழும் நம் கிளைகளுக்கு இதில் தனிப் பொறுப்பு இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் என்று நம்மில் சிலரும் அன்று பேசியதை நான் கேட்டிருக்கிறேன். 1911இல் வட ஆர்க்காட்டையும் கடப்பையையும் வெட்டி ஒட்டி உருவாக்கிய மாவட்டம் இது. 1960இல் திருத்தணி அந்தப் பக்கம் போனது. எல்லைக்கோடு எத்தனை முறை நகர்ந்தாலும் கூலிக்குப் போகிறவரின் வீடு அதே இடத்தில்தான் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஆகவே, 'ஒரு ஆளும் காணோமே' என்ற கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. அது சரியான கேள்வி. கேட்டுவிட்டு நகர்ந்துபோகாமல், ஆள் எங்கே என்று தொடர்ந்து தேட வேண்டும்.

காலையில் அந்தத் தோழருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. "இன்னொரு முறை பாருங்கள், கூரையை மட்டும் பாருங்கள்" என்றேன். அவர் திரும்பிப் போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய அப்பா நெசவில்லாத மாதங்களில் கூரை வேயப் போவாராம். இவரும் சிறுவயதில் கூடப் போய்ப் புல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, முகட்டை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்த வீட்டுக்காரங்க கையில காசில்ல தோழர். பச்சை ஏறிப்போச்சு பாருங்க, முகடு உக்காந்துடுச்சு. மாத்தியிருக்கணும், மாத்தல. இப்ப உள்ள ஒழுகும். கட்டிலை இந்தப் பக்கமா நகர்த்திப் போட்டிருப்பாங்க."